எந்த இடம் மாமா?

அக்கா மகள் தான் எழுதிய முதல் பாட்டைக் கிட்டாரில் வாசித்துக் காட்டினாள். “நல்லாருக்கும்மா” என்றேன். “எந்த இடம் மாமா?” என்றாள். விழித்தேன்.

நானும் கிட்டார் பழகுகிறவன்தான். தடித்த ஆறாம் தந்தியை 5வது ஃபிரெட்டில் அழுத்தினால், ஐந்தாம் தந்தியை வெறுமனே மீட்டும் அதே சுரம். அடுத்தடுத்த தந்திகளுக்கும் 5வதுதான். மூன்றாம் தந்தியில் மட்டும் 4வது. ஒன்று தள்ளினாலும் அபசுரம்.

கருத்துச் சொல்வதற்கும் இடம் தெரிய வேண்டும். மறுபடி வாசிக்கச் சொன்னேன். “பல்லவி மனசுல நிக்குது. சரணத்துல 2வது வரி மெட்டை மீறி நீளுது. ரெண்டு சொல்லைக் குறைச்சுப் பாரேன்.”

உடனே பென்சிலைத் தேடினாள். உங்கள் வீட்டுப் பிள்ளை பாடிக் காட்டினால், இடத்தைச் சொல்லுங்கள்.