நாற்றுத் தட்டும் அதில் இடும் மண்ணும்

காவிரிப் பாசன ஜில்லாக்களில் நடவு இயந்திரம் பரவியது முதல் நாற்றங்கால் வயலை விட்டு வீட்டுக் கொல்லைக்கும் களத்து மேட்டிற்கும் இடம் பெயர்ந்து வருகின்றது. முன்பு ஒரு ஏக்கர் நடவிற்கு 8 சென்ட் நிலத்தைச் சேறாக்கி 24 கிலோ விதையைத் தெளித்து வந்த குடியானவர், இப்பொழுது 80 தட்டுகளை வரிசையாக அடுக்கி, 8 கிலோ விதையோடு காரியத்தை முடித்துக்கொள்கிறார். விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், நாற்றுப் பறிக்கும் கூலியும் மிச்சம். இவ்வளவும் வாஸ்தவமே. ஆயினும் தட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதன் விலையையும் உழைக்கும் காலத்தையும் விசாரிக்கிறார்களேயன்றி, அதில் எவ்வளவு மண் கொள்ளும், அம்மண் ஒரு நாற்றை எத்தனை நாள் தாங்கும் என்பதை விசாரிப்பதில்லை. நஷ்டம் நேருவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

கணக்கு எளியது. ஆயிரம் மணி 20 கிராம் நிறுக்கும் ரகமொன்றை எடுத்துக்கொள்வோர் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம். நடவு இயந்திரத்திற்குரிய தட்டு 58 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அதில் 2.5 சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலக் கனத்திற்கு மண் பரப்பினால் சுமார் 4 லிட்டர் மண் பிடிக்கும். 100 கிராம் விதையில் 5,000 மணிகள் உள்ளன. ஆகவே ஒரு நாற்றுக்குக் கிடைக்கும் மண் ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவு. புளியங்கொட்டை அளவு என்று சொல்லலாம். திருந்திய நெல் சாகுபடிக்குச் சிபார்சு செய்யப்படும் பாய் நாற்றங்காலில் ஏக்கருக்கு ஒரு சென்ட் இடமும் 3 கிலோ விதையும் போதும். மண் கனம் 4 சென்டிமீட்டர். அங்கே ஒரு நாற்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 11 கன சென்டிமீட்டர். பழைய சேற்று நாற்றங்காலிலோ, நான்கு அங்குலச் சேற்றை மட்டும் கணக்கிட்டாலும் நாற்று ஒன்றுக்கு 27 கன சென்டிமீட்டர் உண்டு. அதற்கு அடியிலும் நிலம் திறந்தே கிடக்கிறது. வேருக்குத் தேவையானால் கீழே இறங்கிக்கொள்ளும்.

மண்ணே இல்லாமல் நாற்று வளராதா என்று கேட்கலாம். வளரும். பிலிப்பைன்ஸ் நாட்டு உழவர்கள் வாழையிலையின் மேலோ சிமெண்டுத் தளத்தின் மேலோ முளை விதையை அடர்த்தியாகப் பரப்பி நாற்று எடுக்கும் டபாக் முறை இதற்குச் சாட்சி. அங்கே நாற்றுக்கு உணவு அரிசியினுள் இருக்கும் மாவுதான். அது தீர்ந்துபோவதால் 10 முதல் 14 நாட்களுக்குள் நட்டாக வேண்டும் என்பது அம்முறையின் கண்டிப்பான விதி. தட்டு நாற்றங்கால் இவ்விதிக்கு முற்றும் விலக்கானதன்று. இட்ட சிறு மண்ணின் பலத்தால் இன்னும் சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன, அவ்வளவே. 15 முதல் 18 நாள் வரை தட்டு நாற்று மிக நேர்த்தியாக இருக்கும். 20 நாளைக் கடந்தால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் இறுகிவிடும். இயந்திரத்தின் விரல்கள் அதைப் பிய்க்கும்போது சில குத்துக்களில் கொத்தாகவும் சிலவற்றில் வெறுமையாகவும் விழும். அடியிலை மஞ்சளிக்கும், தண்டு நூலாக மெலியும். குறுவைக்குரிய 110 நாள் ரகங்களில் நாற்றங்காலில் வீணாகும் ஒவ்வொரு நாளும் தூர் கட்டும் காலத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. வயலில் போய் எத்தனை யூரியா இட்டாலும் அந்நாட்கள் திரும்பி வாரா.

இதே தட்டு ஜப்பானியர் நெடுங்காலமாகக் கையாண்டு வருவது. அவர்களும் வயது முதிர்ந்த நாற்று தேவைப்படும் குளிர்ந்த பகுதிகளில், தட்டை மாற்றாமல் தட்டில் இடும் விதையைக் குறைத்துக்கொள்கிறார்கள். நாற்றுக்கு நாற்று மண் கூடுகிறது. நம் பக்கத்திலோ, தட்டில் இடைவெளி தெரிந்தால் விதைத்தவனைக் கருமி என்று ஊர் பேசும். அடர்ந்து பசேலென்று நிற்கும் தட்டைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். பத்தாம் நாள் அழகு இருபத்தைந்தாம் நாள் என்னவாகிறது என்று பார்க்க எவரும் வருவதில்லை.

தஞ்சைத் தரணியில் இவ்விஷயம் பிற இடங்களைக் காட்டிலும் முக்கியமாவதற்குக் காரணம் மேட்டூர் அணை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணை ஜூன் 12இல் திறக்கப்படும் என்பது வழக்கம். வழக்கம் வேறு, நடப்பு வேறு. 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2, 2018இல் ஜூலை 19, 2019இல் ஆகஸ்டு 13 ஆகிய நாட்களிலேயே தண்ணீர் விடப்பட்டது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் குறித்த நாளில் திறந்தது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டது. 2023இல் ஜூன் 12இல் திறந்தும் இருப்புக் குறைந்து அக்டோபரில் மூட நேர்ந்தது. 2024இல் ஜூலை 28. 2025இல் மறுபடி ஜூன் 12. இந்தப் பத்து ஆண்டுகளில் குறுவைக்கு உரிய காலத்தில் திறந்தவை ஐந்து. அணை திறந்தாலும் கல்லணைக்கு நீர் வந்து சேர மூன்று நான்கு நாட்களாகும். அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு எட்டுவது முறைப் பாசனத்தையும் வாய்க்காலின் நிலையையும் பொறுத்தது.

இத்தகைய நாட்டில் ஒரு கன சென்டிமீட்டர் மண்ணை நம்பி, தண்ணீர் வருமுன் நாற்று விடுவது யோசனையில்லாத காரியம். சேற்று நாற்றங்கால் ஒரு வாரம் பத்து நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும், தட்டு பொறுக்காது. போதாததற்கு நடவு இயந்திரம் பெரும்பாலோருக்கு வாடகைச் சரக்கு. தண்ணீர் வந்துவிட்டாலும் இயந்திரத்தின் முறை வரும் வரை நாற்று காத்திருக்க வேண்டும். 2024 ஜூனில் அரசாங்கம் அறிவித்த குறுவைத் தொகுப்பில் இயந்திர நடவிற்கு ஏக்கருக்கு ரூ.4,000 மானியம் இருந்தது. நிலத்தடி நீர் உள்ளவர்களுக்கு அது நல்ல உதவி. போர் இல்லாத நிலத்தார் மானியத்தை நினைத்துத் தட்டில் விதையிடுவது வேறு சங்கதி.

தட்டின் குறையே அதன் குணமாகவும் ஆகக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினைந்தே நாளில் நாற்று தயாராவதால், முன்கூட்டி விதைக்க வேண்டிய அவசரமே இல்லை. 80 தட்டுகள் கொல்லையில் மூன்றில் ஒரு சென்ட் இடத்தில் அடங்கும். கிணற்றுத் தண்ணீரைப் பூவாளியால் தெளித்தே காப்பாற்றிவிடலாம். கல்லணை மதகு திறந்த செய்தி கேட்டபின் விதையிட்டாலும், கடைமடையில் நீர் ஏறி வயல் சேறாவதற்குள் நாற்று கைக்கு வந்துவிடும். தலைமடையில் போர் உள்ளவர்கள் இயந்திரக்காரரிடம் நாள் குறித்துக்கொண்டு, அந்நாளுக்குப் பதினாறு நாள் முன்பு விதையிடுவதே முறை. ஒரே நாளில் எல்லாத் தட்டுகளையும் விதைக்காமல் இரண்டு மூன்று தவணையாக, ஐந்து நாள் இடைவிட்டு விதைப்பவருக்கு நஷ்டம் வந்தாலும் பாதியோடு நிற்கும். தண்ணீர் நிச்சயமில்லாதோர் 4 சென்டிமீட்டர் பாய் நாற்றங்காலையோ, நிலத்தில் இடும் பழைய நாற்றங்காலையோ கைவிடாதிருப்பது நலம்.

சிறு மண்ணில் மண்ணின் குணமும் பெரிதாகப் பேசும். வயலில் கட்டியாகக் கிடக்கும் தஞ்சைக் களிமண்ணை அப்படியே தட்டில் அப்பினால், ஒரு வெயிலில் சுருங்கி ஓரம் விட்டு, நடுவே வெடித்து, வேரை அறுத்துவிடும். ஏழு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு மக்கிய தொழு உரமோ கரும்பாலைக் கழிவோ, ஒரு பங்கு உமி என்ற விகிதத்தில் கலந்து சலித்து இடுவது நன்கு அறியப்பட்ட பக்குவம். தொழு உரம் முழுதும் மக்கியிருக்க வேண்டும். பச்சை எரு சிறு மண்ணில் சூடேறி முளையைக் கருக்கிவிடும். எட்டாம் ஒன்பதாம் நாளில் வளர்ச்சி மந்தமாக இருந்தால் 0.5 சதவீத யூரியாக் கரைசலைத் தெளிக்கலாம். நாற்று முதிர்ந்த பிறகு தெளிப்பது தண்டை நீட்டுமே தவிர வேருக்கு இடம் தராது.

கடலோரக் கிராமங்களில் உப்பு வேறு சேர்ந்துகொள்கிறது. ஆழக் குழாயிலிருந்து வரும் உவர் நீரைத் தட்டில் நாள்தோறும் தெளிக்க, நீர் ஆவியாகி உப்பு மட்டும் அந்த ஓரங்குல மண்ணில் தங்கும். வயலில் மழையோ வாய்க்கால் நீரோ வந்து அலசிச் செல்லும். தட்டில் அலசுவார் யார்? நெற்பயிர் உப்பை மிகவும் தாங்காத பருவம் இந்த இளம் பருவமே. அங்கே குளத்து நீரைக் கொண்டு தெளிப்பதும், அடியில் துளையுள்ள தட்டையே தேர்வதும், முடிந்தால் தட்டைச் சேற்றுப் படுக்கையின் மேலேயே வைத்து வேரைத் துளை வழியே இறங்கவிடுவதும் உத்தமம்.

சம்பாவுக்கு வேறு யோசனை வேண்டும். தட்டு நாற்று ஒரு சாணுக்குள் அடங்கும். ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் தாழ்ந்த வயலில் ஒரு சாண் நீர் ஓரிரவில் நின்றுவிடும். 150 நாளுக்கு மேற்பட்ட சி.ஆர். 1009 போன்ற ரகங்களைப் பள்ளக்காட்டில் நடுவோர், நிலத்தில் விட்ட முப்பது முப்பத்தைந்து நாள் நாற்றையே நம்புவது அனுபவத்தில் விளைந்த புத்தி. அதைப் பழமை என்று எள்ளுவது பொருந்தாது. மேட்டு வயலுக்கும் புரட்டாசிக்குள் முடியும் நடவிற்கும் தட்டே போதும்.

கிராம அதிகாரிகளால் ஆகக்கூடியது கொஞ்சமன்று. சலித்த மண்ணுக்காக வயலின் மேல் மண்ணைச் சுரண்டுவதைவிட ஏரி, குளத்து வண்டலைக் கொள்வது மேல். அதை இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நில விவரச் சான்றைக் கோடையிலேயே கொடுத்துவிட்டால் மண் காய்ந்து மக்க அவகாசம் இருக்கும். ஊர்ப் பொதுவில் நாற்றங்கால் விடும் இடங்களில் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே சில சென்ட் நிலத்தில் காப்பு நாற்றும் விடச் சொல்லலாம். தத்தம் கிராமத்து வாய்க்காலின் கடைசி மதகிற்குச் சென்ற பத்து ஆண்டுகளில் தண்ணீர் வந்த தேதிகளை ஒரு பலகையில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தொங்கவிட்டால், தட்டில் விதையிடும் நாளை அவரவரே அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள்.