மூன்றாம் எண்ணா, ஏழாம் எண்ணா?

ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மையார் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் தினமும் இரண்டாம் பாலம் தாண்டி ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வருகிறானாம். அங்குள்ள மேற்பார்வையாளர் ஞாயிறுதோறும் கோல்ஃப் பந்து அடிக்க அழைத்துப் போனதில் பையனுக்கும் அந்தப் பித்துப் பிடித்துவிட்டது. இப்போது ‘த்ரீ வுட்’ என்று ஒரு மட்டை வாங்கியே ஆக வேண்டும், பல நூறு வெள்ளி ஆகும் என்கிறானாம். “முழுக்க இரும்பாய் இருக்கிற சாமானுக்கு மரம் என்று ஏன் பெயர்? வாங்கலாமா, வேண்டாமா? துரைமார் ஆட்டம் நமக்கு எதற்கு என்று இவன் அப்பா சத்தம் போடுகிறார்” என்று கேட்கிறார்.

முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். துரைமார் ஆட்டம்தான், மறுப்பதற்கில்லை. சிங்கப்பூரில் 1891-ஆம் ஆண்டு நீதிபதி கோல்ட்னியின் முயற்சியில் குதிரைப் பந்தயத் திடலில் இந்த ஆட்டம் தொடங்கியது. லிட்டில் இந்தியாவில் நாம் சாப்பாட்டுக் கடை தேடிப் போகிறோமே ரேஸ் கோர்ஸ் ரோடு, அந்தப் பெயர் அந்தத் திடலின் மிச்சம்தான். தோட்டப்புறங்களிலும் துரைமார் கிளப் இருந்த இடத்தில் நம் பிள்ளைகள் பை சுமந்தும், பந்து பொறுக்கியும் நாலு காசு பார்த்தார்கள். ஆனால் அப்பா ஒன்றைக் கவனிக்க வேண்டும். துரை அடித்த பந்து நம் பக்கத்து மரத்தின் பாலிலிருந்து வந்தது.

ஆதியில் கோல்ஃப் பந்து என்பது தோல் உறைக்குள் இறகைத் திணித்துத் தைத்த உருண்டை. விலையும் அதிகம், மழையில் நனைந்தால் உருப்படாது. சிங்கப்பூரில் வேலை பார்த்த வைத்தியர் வில்லியம் மாண்ட்கோமரி, 1843 வாக்கில் ‘கெத்தா பெர்ச்சா’ என்ற மரப்பாலை லண்டனுக்கு அனுப்பினார். மலாய்க்காரர்கள் அதை வெந்நீரில் இளக்கிப் பாராங்குக் கத்திக்குப் பிடி செய்து கொண்டிருந்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஸ்காட்லாந்தில் அதே பாலை உருட்டிப் பந்தாக்கி விட்டார்கள். மலிவான பந்து வந்ததால்தான் சாதாரண ஜனங்களும் இந்த ஆட்டத்தைத் தொட முடிந்தது. பிறகு 1898-இல் அமெரிக்காவின் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இறுகச் சுற்றிப் பந்து செய்தார். நூறு ஆண்டுக் காலம், பெரிய பந்தயங்களில் பறந்த பந்துகளுக்குள் நூல் சுற்றுதான் இருந்தது. இப்போதைய பந்தின் உட்கரு செயற்கை ரப்பர். ஆகவே, ‘நமக்கு எதற்கு’ என்ற கேள்வியை அப்பா கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம்.

இனிப் பெயர் சமாசாரம். அந்தக் காலத்தில் தூரம் அடிக்கும் மட்டைகளின் தலை உண்மையிலேயே மரம். கடைசியாக நிலைத்தது பெர்சிமன் என்ற அமெரிக்க மரம். நம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்தது. அந்த உறுதி இருந்ததால்தான் கெட்டிப் பந்தின் அடியைத் தாங்கியது. 1979-இல் கேரி ஆடம்ஸ் என்பவர் ‘டெய்லர்மேட்’ என்ற கம்பெனி தொடங்கி எஃகுத் தலை வைத்த மட்டையை விற்றார். பத்துப் பதினைந்து வருஷத்தில் மரம் மறைந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. தகரத்தில் செய்தாலும் ‘தேங்காய்ச் சிரட்டை’ என்று நாம் சொல்லிக் கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி!

இந்த ‘வுட்’ வகையில் மிகப் பெரியது டிரைவர். அது பந்தைச் சிறு முளைமேல் வைத்து அடிப்பதற்கு. அதற்கு அடுத்தவை, புல்லில் கிடக்கிற பந்தைக் கிடந்தபடியே தூர அடிப்பதற்கான ஃபேர்வே வுட்டுகள். எண் ஏற ஏற மட்டையின் முகம் அதிகம் மல்லாந்திருக்கும். மூன்றாம் எண்ணுக்குச் சுமார் 15 பாகை, ஐந்துக்கு 18, ஏழுக்கு 21. பிடித்தண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். மூன்றாம் எண் 43 அங்குலம் என்றால் ஏழாம் எண் 42 அங்குலம் இருக்கும். பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தியின் சாய்வு நூலளவு மாறினால் பட்டை காயப்படும், பால் குறையும். இங்கேயும் இரண்டு மூன்று பாகைதான் எல்லாம்.

கணக்குப்படி முகம் நிமிர்ந்திருக்கும் மூன்றாம் எண்ணே அதிக தூரம் அடிக்க வேண்டும். அடிப்பவர் கை வேகமாக வீசினால் அடிக்கும். வேகம் போதாதவர் அடித்தால் பந்து தரையை விட்டு எழும்புவதற்குள் விழுந்துவிடும். அதே ஆள் ஏழாம் எண்ணை வீசினால் பந்து நன்றாக எழும்பி, நின்று நிதானமாகப் போய், மூன்றாம் எண் போன இடத்தையும் தாண்டி விழுவதுண்டு. மலேசியா, சிங்கப்பூர்த் திடல்கள் மழையில் ஊறியவை. விழுந்த பந்து உருண்டு போகாது. காற்றில் போன தூரமே தூரம்.

ஜூரோங்கில் கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற நம்மவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தேன். அவர் பையில் மூன்றாம் எண்ணே கிடையாது. ஏழும் ஒன்பதும் வைத்திருக்கிறார். ‘பெண்பிள்ளை மட்டை’ என்று கூட்டாளிகள் கேலி செய்தார்களாம். “ஆறு மாசம் கேலி செய்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, அண்ணே, அதைக் கொஞ்சம் கொடுங்கள், அடித்துப் பார்க்கிறோம் என்றார்கள்” என்று சிரித்தார். அவருடைய தம்பி முறைக்காரர் வேறு மாதிரி. ஆறடி உயரம், வாலிபத்தில் பந்தாட்டக்காரர். அவருக்கு மூன்றாம் எண் உயிர். ஆனால் அவரும் புல்லிலிருந்து அதை அபூர்வமாகத்தான் எடுக்கிறார். ஒடுங்கிய பாதையில் டிரைவருக்குப் பதிலாக முளைமேல் வைத்து அடிக்கவே பயன்படுத்துகிறார். தில்லி கோல்ஃப் கிளப்பில் இரு புறமும் புதர் நெருக்குவதால் பெரிய பெரிய ஆட்டக்காரர்களே டிரைவரைப் பைக்குள் விட்டுவிட்டு இப்படிச் செய்வதுண்டு.

சரியான மட்டை எது என்பதற்கு உலகம் பேசும் கதை ஒன்று உண்டு. 1935-இல் அமெரிக்காவின் அகஸ்டா திடலில் ஜீன் சாரசன் கடைசி நாள் பதினைந்தாம் குழியை ஆடிக் கொண்டிருந்தார். முன்னணியில் இருந்தவர் மூன்று அடி வித்தியாசத்தில் ஆட்டத்தை முடித்துவிட்டார். குழிக்கு 235 கஜம், நடுவே குளம். தூரத்தைப் பார்த்தால் மூன்றாம் எண்தான் வேண்டும். ஆனால் பந்து புல்லில் சற்றே பதிந்து கிடந்தது. அந்தக் கிடையிலிருந்து மூன்றாம் எண் பந்தை எழுப்பாது என்று கருதி, நான்காம் எண்ணை உருவி முழு பலத்தோடு வீசினார். பந்து குளத்தைத் தாண்டி, தரையில் குதித்து, நேரே குழிக்குள் போய்விட்டது! ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி இரண்டே அடியில் முடிந்தது. மூன்று அடி வித்தியாசம் அப்படியே தீர்ந்து, மறுநாள் நடந்த மறு ஆட்டத்தில் அவரே ஜெயித்தார். அதிர்ஷ்டம் என்பார்கள். அதிர்ஷ்டம் பந்து குழியில் விழுந்ததில்தான். பந்து கிடந்த கிடையைக் குனிந்து பார்த்தது அதிர்ஷ்டமல்ல.

இந்தப் பார்வையைப் பை சுமக்கும் பையன்கள்தான் சீக்கிரம் கற்றுக் கொள்கிறார்கள். ஜூரோங் கன்ட்ரி கிளப்பில் அப்படிப் பை சுமந்து ஆட்டம் பழகியவர் மர்டான் மாமாட். 2004-இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்றார். 2006-இல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸை வென்று, ஐரோப்பியச் சுற்றில் ஜெயித்த முதல் சிங்கப்பூரர் ஆனார். மலேசியாவில் மு. ராமையாவும் பெ. குணசேகரனும் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் எடுத்தார்கள். அப்பா இவர்கள் பெயரையும் கேட்டு வைத்துக் கொள்ளட்டும்.

மர்டான் பழகிய திடலைத் தேடி இப்போது போனால் காண முடியாது. ஒரு காலத்தில் ரப்பர் மரமாய் இருந்த ஊர் ஜூரோங். பூன் லே என்று ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த சூ பூன் லே அங்கே தோட்டம் வைத்திருந்தவர். 1961-க்குப் பிறகு தொழிற்பேட்டை வந்தது, தொழிற்பேட்டைக்காரர்கள் இளைப்பாறத் திடலும் வந்தது. 2015 மே மாதத்தில், கோலாலம்பூர் அதிவேக ரயில் நிலையத்துக்காக அந்த 67 ஹெக்டேர் நிலத்தை எடுத்துக் கொள்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2016-உடன் கிளப் மூடப்பட்டது. ரயிலோ வரவில்லை! 2020 டிசம்பர் 31-உடன் ஒப்பந்தம் முடிந்து, மலேசியா 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி ஈடு கட்டியது. துவாஸில் இருந்த ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப்பும் 2018-இல் போயிற்று. சின்ன தீவில் நிலத்துக்கு ஆயிரம் தேவை. இருந்தாலும் புல்லோடு புல்லாய் வேலை செய்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, வாங்குவதா, வேண்டாமா? பையன் விளையாடட்டும். மூன்றாம் எண் இப்போது வேண்டாம். ஒருவர் பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று 1938-லிருந்து அமெரிக்காவில் விதி உண்டு, மறு வருஷம் பிரிட்டனிலும் வந்தது. புதிதாய்ப் பழகுகிறவருக்கு அதில் பாதியே தாராளம். அவற்றில் ஃபேர்வே வுட் ஒன்று போதும், ஐந்தோ ஏழோ. உயரம் எழும்பவில்லை என்றால் ஏழு. பந்து உயரமான புல்லுக்குள் புதைந்து கிடந்தால் எந்த வுட்டும் வேண்டாம், புல் மட்டையின் கழுத்தைச் சுற்றித் திருப்பிவிடும். குட்டை அயர்ன் எடுத்துப் பாதைக்குத் தட்டிக் கொண்டு வருவதே மேல்.

புது மட்டைக்கும் அவசரமில்லை. மோகம் தீர்ந்தவர்கள் நல்ல மட்டைகளைப் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிடுவார்கள். அம்மையார் மகனிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பணம் கொடுக்கும் முன், பந்து அடிக்கும் கூடத்தில் இரவல் வாங்கி இருபது பந்தாவது அடித்துப் பார்க்கட்டும். பாயின் மேல் அல்ல, புல்லின் மேல் அடிக்க வழியிருந்தால் இன்னும் நல்லது, பாய் தப்பை மறைத்துவிடும். மிகச் சிறந்த ஒரு அடியைப் பார்த்து மயங்காமல், இருபதில் எத்தனை எழும்பின என்று எண்ணட்டும். தண்டில் ‘எஸ்’ என்றிருந்தால் விறைப்பு, ‘ஆர்’ என்றால் நடுத்தரம். பெரும்பாலோருக்கு ‘ஆர்’ பொருந்தும். தலையும் தண்டும் சேரும் இடத்தில் விரிசலோ, ஆட்டமோ இருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கட்டும். பெயர் பெற்ற கம்பெனி மட்டை நம்ப முடியாத மலிவில் வந்தால் போலியாக இருக்கலாம். கைப்பிடி வியர்வை பட்டு இறுகிப் பளபளத்திருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பிடியை மாற்றச் சொற்ப காசுதான், அதுவும் ரப்பர்தான்.