பந்தாட்டம் யாருக்குச் சொந்தம்?

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாப் அணியை எதிர்த்து ஆடியது. முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கிய அணி, 3-1 என்று ஜெயித்து ஐ லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது. 43 புள்ளிகளோடு முதலிடம். 42 புள்ளிகளோடு கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் இரண்டாமிடம். கொங்கு மண்ணில் தேசிய லீக் பட்டம் வந்து இறங்கிய நாள் அது.

பிறகு நடந்தது என்ன? முதலிடம் பெற்ற அணிக்கு மேல் வரிசையான இந்தியன் சூப்பர் லீக்கில் இடம் கிடைக்கவில்லை. இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால், ஒரு சிமெண்டுக் கம்பெனியின் முதலீட்டோடு 2020ல் அதில் நுழைந்தது. சென்னை சிட்டியோ 2020-21க்குப் பின் ஐ லீக்கிலேயே இல்லை. மைதானத்தில் ஜெயித்தவன் வெளியே. பணப்பெட்டியோடு வந்தவன் உள்ளே. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களும் உழைக்கும் ஜனங்கள்தான். அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. நம் கேள்வி, இந்த விதியை எழுதியவர்களிடம்.

“மில்லில் லே-ஆப், காட்டில் கூலி இல்லை, பந்தாட்டத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பந்தாட்டமே ஆலைத் தொழிலாளியின் ஓய்வு நேரத்தில் வளர்ந்தது என்பதை மறக்கலாமா?

இங்கிலாந்தில் 1850ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கும் இளம் வயதினருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் பஞ்சாலை ஓடாது. ஆகவே ஆலையே நின்றது. போராடிப் பெற்ற அந்த அரைநாள் ஓய்வில்தான் பந்தாட்டம் வேரூன்றியது. சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம் என்ற வழக்கம் அங்கே பிறந்தது. 1883ல் பருத்தி ஆலை ஊரான பிளாக்பர்னின் ஒலிம்பிக் அணி, பிரபுக்களின் பிள்ளைகள் படித்த ஈட்டன் பள்ளியின் மாஜி மாணவர் அணியை 2-1 என்று வென்று கோப்பையைப் பறித்தது. அந்த அணியில் நெசவாளிகள் இருந்தார்கள். பஞ்சாலைத் தொழிலாளிகள் இருந்தார்கள். 1888ல் தொடங்கிய முதல் லீக்கின் 12 அணிகளில் சரிபாதி, பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர் ஜில்லாவிலிருந்து வந்தவை.

நம் நாட்டிலும் கதை அதுதான். 1996-97ல் நடந்த முதல் தேசிய கால்பந்து லீக்கில் வென்றது எந்த அணி? பஞ்சாபின் பக்வாராவிலிருந்து வந்த ஜே.சி.டி. மில் அணி! ஆலையின் பெயரைத் தாங்கிய அணி நாட்டிலேயே முதல்வன். 2011ல் நிர்வாகம் அதை மூடிவிட்டது. ஒரு கையெழுத்து; அணி இல்லை. மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவதைப் பார்த்த நமக்கு இது புதிதா?

இப்போது நடப்புக்கு வருவோம்.

2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் என்று ஐ.எம்.ஜி. - ரிலையன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. ஒரு தேசத்தின் கால்பந்து வாணிபம் ஒரே முதலாளிக் கூட்டத்தின் கைக்குப் போயிற்று. 2014 அக்டோபரில் 8 அணிகளோடு சூப்பர் லீக் தொடங்கியது. அன்று சீசன் என்பது பத்து வாரத் திருவிழா. ஜெயித்து மேலே வரவும் வழியில்லை; தோற்றுக் கீழே இறங்கவும் வழியில்லை. 2019ல் ஆசியக் கால்பந்து சம்மேளனம் தலையிட்டு ஒரு பாதை வகுத்த பிறகே, 2022-23 முதல் ஐ லீக்கில் ஜெயித்த அணி மேலே வர முடிந்தது. கீழே இறக்கும் விதி மட்டும் 2024-25 சீசன் முடிந்தும் அமலுக்கு வரவில்லை.

ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ந் தேதி முடிவதாக இருந்தது. அது நெருங்கியபோது 2025 ஜூலையிலேயே சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. புதிய டெண்டர் விட்டார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. லாபம் நிச்சயம் என்றால் ஓடி வரும் மூலதனம், நஷ்டத்தின் நிழல் கண்டதும் எப்படிப் பறந்தது பார்த்தீர்களா? பாதிக்கப்பட்டது யார்? ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், மைதானத்தில் புல் வெட்டுபவர், சட்டை துவைப்பவர். சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் முதலிய தேசிய வீரர்களே உலகக் கால்பந்து சம்மேளனத்திடம் முறையிடும் நிலை வந்தது. நாடறிந்த வீரனுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ஆட்டக்காரனின் கதி என்ன? அவனும் பதிலித் தொழிலாளிதான். கூப்பிட்டால் வேலை; கூப்பிடாவிட்டால் பட்டினி.

கடைசியில் மத்திய சர்க்கார் தலையிட்டது. 2026 பிப்ரவரி 14ல் சீசன் தொடங்கியது. இங்கே கணக்கைக் கவனியுங்கள். 2024-25ல் 13 அணிகள். அணி ஒன்றுக்கு லீக் ஆட்டம் 24. 2025-26ல் 14 அணிகள்; அணி ஒன்றுக்கு ஆட்டம் 13 மட்டுமே! அணியைக் கூட்டினார்கள், ஆட்டத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கினார்கள். மஸ்டர் ரோலில் பெயரைச் சேர்த்துவிட்டு வேலை நாளைக் குறைக்கும் தந்திரம் நமக்குத் தெரியாததல்ல.

“அணிகளைக் கூட்டாதே, சின்ன லீக்காகவே இருக்கட்டும், செலவு தாங்காது” என்கிறது ஒரு கட்சி. “இன்னும் பத்து நகரங்களுக்கு அணி கொடு” என்கிறது இன்னொரு கட்சி. இரண்டும் பாதி உண்மை. செலவு இருப்பது மெய். கிளப்புகள் நஷ்டப்படுவதும் மெய். ஆனால் கதவைச் சாத்தினால் செலவு குறையுமா? ஊர் ஜனங்களின் ஆசைதான் குறையும். ஆசை குறைந்தால் டிக்கெட் விற்குமா? அதே போல், ஏலம் போட்டு நகரங்களுக்கு அணி விற்பதும் விரிவு ஆகாது. அது கடை திறப்பது. உண்மையான விரிவு கீழிருந்து வரவேண்டும். பொள்ளாச்சியில் ஆடும் பையன் ஜில்லா லீக்குக்கும், ஜில்லா அணி மாகாண லீக்குக்கும், அங்கிருந்து தேசிய லீக்குக்கும் ஏற ஏணி வேண்டும். ஏணியின் ஒவ்வொரு படியிலும் சட்டம் ஒன்றே இருக்கவேண்டும்: ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே.

பெண்கள் விஷயத்தில் நிலை இன்னும் மோசமாக இருந்தது. மதுரையின் சேது அணி 2019ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆனால் அந்த லீக்கின் இறுதிக் கட்டமே லூதியானாவில் ஒரே மே மாதத்துக்குள் நடந்து முடிந்தது. சொந்த ஊரில் சொந்த ஜனங்கள் முன் ஆடாமலே அவர்கள் சாம்பியன் ஆனார்கள்.

அடுத்தது காலம். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் குடியானவர் கண்ட பாடம். பட்டம் தவறினால் பயிர் இல்லை. மாசி பிறந்தபின் தொடங்கி, சித்திரை வெயிலில் ஓடவிடுவது சீசனா? மழை ஓயும் மார்கழியில் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பதே தென்னாட்டுக்கு ஏற்றது. நேரமும் பிரச்னைதான். டெலிவிஷனுக்காக இரவு 7.30க்கு ஆட்டம் வைத்தால், பொள்ளாச்சித் தொழிலாளி கோவைக்கு 40 கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டு எப்போது வீடு திரும்புவான்? காலை ஷிப்டுக்கு எப்படி எழுவான்?

நாம் கேட்பது இவைதான்:

ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வொரு அணியோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடும் முழு சீசன் வேண்டும். தேதிகள் பல மாதம் முன்பே அறிவிக்கப்படவேண்டும்.

இடம் மைதானத்தில் தீர்மானிக்கப்படவேண்டும். பணம் கட்டி நுழையும் வழி அடைபடவேண்டும்.

சீசன் நின்றாலும் ஆட்டக்காரர், ஊழியர் சம்பளம் நிற்கக்கூடாது.

சனி, ஞாயிறு மாலை ஆட்டம். உழைப்பவன் வாங்கக்கூடிய டிக்கெட்.

இது நடக்குமா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு சேதி. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பணக்காரக் கிளப்புகள் தங்களுக்கென்று ஒரு தனி லீக் அறிவித்தன. நிறுவனக் கிளப்புகளுக்கு இறக்கமே கிடையாது என்றன. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். மூன்று நாளில் அந்தத் திட்டம் சரிந்தது!

கோடிகளை வீழ்த்தியது ஜனங்களின் கூட்டு சக்தி. எட்டு மணி நேர வேலையை வென்றெடுத்த வர்க்கம் தன் ஓய்வு நேரத்தையும், தன் ஆட்டத்தையும் ஏன் மீட்கக்கூடாது? சங்கக் கூட்டங்களில் கூலியோடு இதையும் பேசுவோம். தரிசாய்க் கிடக்கும் புறம்போக்கில் நம் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் கேட்டு மனுப் போடுவதிலிருந்து தொடங்குவோம்!