பொந்துக்குள் புகும் கண்

குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லையென்றால் நம் வீடுகளில் முதலில் வெளிவருவது சுத்தியல். குழாய்க்காரர் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்கேதான் அடைத்திருக்க வேண்டும்" என்று ஒரு பீங்கான் ஓட்டைப் பெயர்க்கிறார். அங்கே இல்லையென்றால் அடுத்த ஓடு. உடைத்ததற்குக் கூலி, திரும்பப் பூசியதற்குக் கூலி எல்லாம் கொடுத்த பின்பு, வளைவில் சிக்கிய ஒரு ஷாம்பு உறையே அத்தனைக்கும் காரணம் என்று தெரிகிறது! உடைப்பதற்கு முன் உள்ளே எட்டிப் பார்க்க வழி இருந்தால் இவ்வளவு அவஸ்தை வேண்டியதில்லை அல்லவா?

வழி இருக்கிறது. நீண்ட கம்பியின் நுனியில் சிறு காமிராவும், அதைச் சுற்றிப் பொடி விளக்குகளும் பொருத்திய சாதனம் இன்று கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. இத்தகைய கருவிகளின் சரித்திரத்தில் நம் நாட்டவர் ஒருவருக்கும் சிறந்த பங்கு உண்டு. பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்பதை 1954-இல் வெளியிட்டார். இன்றைய மலிவுச் சாதனத்தில் அந்தக் கற்றை இல்லை. நுனியிலேயே காமிரா வந்துவிட்டது.

எதை வாங்குவது? விளம்பரங்கள் பெரிய எழுத்தில் முழங்குவது படத்தின் புள்ளிக் கணக்கை. நமது அபிப்பிராயத்தில் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் தெளிவுத் தூரம். இவற்றின் லென்ஸ் பெரும்பாலும் அசையாதது. 3 முதல் 8 செண்டிமீட்டர் வரை என்று போட்டிருந்தால், குழாய்க்குள் அது போதும். பொய்க்கூரைக்கு மேல் ஓரடி தூரத்தில் கிடக்கும் எலிக்கூடு வெறும் புகைமூட்டமாகத்தான் தெரியும். நம் வீட்டில் எந்தப் பொந்தைப் பார்க்கப் போகிறோம் என்று தீர்மானித்த பிறகே கடைக்குப் போவது உத்தமம்.

மெல்லிய தலையே மேல் என்றும் மயங்க வேண்டாம். 8 மில்லிமீட்டர் தலை, கைகழுவும் தொட்டியின் 32 மில்லிமீட்டர் குழாயில் தாராளமாகப் போகும். சல்லடைத் துளை வழியே நுழைய வேண்டுமானால் 5.5 மில்லிமீட்டர் தேவைப்படலாம். தலையின் நீளத்தையும் கவனியுங்கள். நீண்ட தலை வளைவில் திரும்பாது. கம்பி, வளைத்த நிலையில் நிற்கும் அரை விறைப்பாக இருக்கட்டும். துவண்ட கம்பி, தள்ளத் தள்ள வாயிலிலேயே சுருண்டுகொள்ளும். மூன்று முதல் ஐந்து மீட்டர் நீளம் வீட்டுக்குப் போதுமானது.

தனித் திரை உள்ளதற்கு விலை கூடுதல். கைபேசியில் சொருகுவது மலிவு. ஆனால் நமது கைபேசியின் வாய்க்கு அது பொருந்துமா என்று முதலில் கேட்க வேண்டும். கம்பியில்லாமல் வைபை மூலம் இயங்குபவற்றில் படம் சற்றுப் பின்தங்கி வருவதுண்டு. நாம் கையைத் திருப்பிய பின் திரை திரும்பும். படம் காட்டுவதற்கென்று இறக்கச் சொல்லும் செயலி, நமது நண்பர்களின் எண்களையெல்லாம் கேட்டால் கொடுக்க வேண்டாம். குழாய்க்குள் பார்ப்பதற்கு அந்தப் பட்டியல் எதற்கு?

ஐ.பி. 67 என்று பொறித்திருந்தால், தலை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். சொருகும் முனைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இச்சாதனம் சுவரை ஊடுருவிப் பார்க்காது. தண்ணீர் அழுத்தத்துடன் ஓடும் புதைகுழாயின் கசிவை இது கண்டுபிடிக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் இதை நுழைப்பது பெரும் அபாயம். கம்பிக்குள் இருப்பது உலோகம். குழந்தையின் காதுக்குள்ளும் விட வேண்டாம். அதற்கு வைத்தியர் இருக்கிறார்.

வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். சொம்பின் அடியில் பத்திரிகைத் துண்டு ஒன்றைப் போட்டு, விளக்கைக் கூட்டியும் குறைத்தும் எழுத்துக்களைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடலாம். சாக்கடைக்குள் போய்வந்த தலையைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, கம்பியை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள்.