பல நாள் தூங்கிய படகு எஞ்சினை எழுப்புவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கடலோரக் கிராமங்களில் காத்திருப்புதான். புயல், சூறைக்காற்று என்று எச்சரிக்கை வந்ததும் ஃபைபர் படகுகள் மேட்டுக்கு ஏறிவிடும். பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சின் வீட்டுத் திண்ணைக்கோ, வலைக் கொட்டகைக்கோ போய்விடும். ஒரு வாரம் என்று நினைத்தது சில நேரம் மாதக்கணக்கில் நீளும். கடல் அமைதியான பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால், எஞ்சின் அசைந்தே கொடுக்காது.

உடனே பதற வேண்டாம். சும்மா கிடந்த எஞ்சினில் பெரும்பாலும் கெட்டுப்போவது எஞ்சின் அல்ல, உள்ளே விட்டுவைத்த எரிபொருள்தான். அதே நேரம், ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதற்காகவே கடலுக்குக் கிளம்பிவிடவும் கூடாது. கரையில் நின்றுபோனால் அலைச்சல். நடுக்கடலில் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. கீழே உள்ள வரிசையில் பார்த்தால் வேலை சுலபம்.

கயிற்றை இழுக்கும் முன்

கியர் நியூட்ரலில் இருக்கிறதா? எஞ்சினை நிறுத்தும் சுவிட்சில் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா? டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்றை மறந்தாலே எஞ்சின் மக்கர் செய்யும். அடுத்து, டேங்கிலிருந்து வரும் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பைக் கவனியுங்கள். அதில் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். அமுக்க அமுக்க அது கெட்டியாக வேண்டும். கெட்டியாகவே இல்லை என்றால், ஹோஸில் வெடிப்போ இணைப்பில் காற்றுக் கசிவோ இருக்கலாம்.

பழைய பெட்ரோல் வேண்டாம்

நாள்பட்ட பெட்ரோலில் எளிதில் தீப்பற்றும் பகுதி ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படிவு மிஞ்சும். போதாக்குறைக்கு, இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கலாம். பழையதை முழுக்க வடித்துவிட்டு, ஃபில்டரைச் சுத்தம் செய்து, புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால், கம்பெனி கையேட்டில் சொன்ன அளவில் ஆயில் கலக்க வேண்டும்.

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சினா? போன முறை மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்தியிருந்தால், கார்புரேட்டரில் அதுதான் நிற்கும். குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்டார்ட் ஆவது கஷ்டம். கார்புரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, அதையும் வடித்துவிடுங்கள்.

ப்ளக் சொல்லும் சேதி

சில முறை இழுத்த பிறகு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால், எரிபொருள் உள்ளே வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால், எரிபொருள் வருகிறது. ஸ்பார்க்தான் இல்லை அல்லது பெட்ரோல் அதிகமாகிவிட்டது. துடைத்துக் காயவைத்து மாட்டிப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்த வயர் முனைகளையும் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் சரியாகவில்லையா? புது ப்ளக் போட்டுப் பார்ப்பதுதான் குறைந்த செலவு.

சோக் இழுத்தால் மட்டும் ஓடி, உள்ளே தள்ளியதும் நின்றுவிடுகிறதா? கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கம்பியால் குத்தாதீர்கள்; துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

தண்ணீர் பீய்ச்சுகிறதா?

பலரும் தவறவிடுவது இதைத்தான். அவுட்போர்டு எஞ்சினைக் குளிர்விப்பது, கீழிருந்து அது உறிஞ்சும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால், பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். எனவே சோதனை ஓட்டத்தைத் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் செய்யுங்கள். டிரம் திறந்த வெளியில் இருக்கட்டும். எஞ்சின் புகை கொட்டகைக்குள் தேங்கினால் ஆபத்து.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். துளையில் மண்ணோ, குளவிக் கூடோ அடைத்திருக்கலாம். இல்லையென்றால், பல நாள் ஒரே நிலையில் கிடந்து இம்பெல்லரின் இறக்கைகள் வளைந்து இறுகியிருக்கலாம். மாற்றுவதே நல்லது.

கியர் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ப்ரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கலாம். அங்கே கை வைக்கும் முன் ப்ளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

முதல் நாள் தூரம் வேண்டாம்

எல்லாம் சரியானாலும், முதல் ஓட்டம் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தோடு இருக்கட்டும். துடுப்பு, மாற்று ப்ளக், ஸ்பேனர், லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும். கடலில் சிக்கிக்கொண்டால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அழைக்கலாம். கரையில் காத்திருக்கும் வீட்டாரும் இந்த எண்ணை போனில் பதிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்த முறை எஞ்சினை ஓய்வுக்கு அனுப்பும்போது, நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். பிறகு தண்ணீரில் இருக்கும்போதே பெட்ரோல் ஹோஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ப்ரொப்பெல்லர் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால் மிச்சத் தண்ணீரும் வடிந்துவிடும். அன்றைக்குச் செலவிடும் பதினைந்து நிமிடம், மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் வருமானத்தைக் காப்பாற்றும்.