ஸ்பேனருக்கு முன்னே மீட்டர்



என் அக்காள் மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். மெக்கானிக் ஆகப் போகிறானாம். அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. "ரேடியோல ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற, இவனுக்கும் கொஞ்சம் சொல்லேன் தம்பி" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து என் கார் மக்கர் செய்தது. டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இரண்டு நாள் மினுக்கியது. மூன்றாம் நாள் கார் கிளம்பவில்லை. ஒரு பட்டறையில் பார்த்த மாத்திரத்தில் "பேட்டரி போச்சு" என்றார்கள். 280 வெள்ளி கொடுத்துப் புதிது போட்டேன். பத்தே நாளில் மறுபடியும் அதே கதை. காலை நிகழ்ச்சிக்கு கிராப் பிடித்து ஓடினேன்.

இந்த முறை மாசாயில் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் போனேன். மருமகனையும் கூட்டிக்கொண்டேன். அண்ணன் ஸ்பேனரைத் தொடவில்லை. எப்போதிருந்து, காலையிலா, ஓடி நின்ற பிறகா என்று கேட்டார். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மல்டிமீட்டரை மருமகன் கையில் கொடுத்தார்.

"எஞ்சின் நிக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். ஓடும்போது 13.8இலிருந்து 14.5 வரைக்கும் ஏறணும். நீயே பாரு தம்பி."

நிற்கும்போது 12.2. ஓடும்போது 12.0. ஏறவே இல்லை.

"அப்போ பேட்டரிக்குச் சாப்பாடு போகலை, மாமா" என்றான் மருமகன். சரிதான். அந்தச் சிவப்பு விளக்கு பேட்டரி கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. சார்ஜ் ஆகவில்லை என்று சொல்கிறது. ஆல்டர்னேட்டருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது. பழைய பேட்டரியை நான் தூக்கிப் போட்டிருக்கவே வேண்டாம்.

அண்ணன் இன்னும் இரண்டு பாடம் சொன்னார். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனர் தவறிப்போய் காரின் இரும்பைத் தொட்டாலும் அப்போது தீப்பொறி பறக்காது. அடுத்தது, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். மின்னழுத்தம் திடீரென்று எகிறி, இன்றைய காரில் இருக்கும் கணினி கருகிவிடலாம்.

நல்ல மெக்கானிக்குக்கும் பொருளை மாற்றுபவருக்கும் உள்ள வித்தியாசம் அன்று எனக்குப் புரிந்தது. பொருளை யாரும் மாற்றலாம். எதை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். தெரியாமல் மாற்றினால் அடுத்தவர் காசு போகும். பிறகு நம் பெயரும் போகும்.

கைத்தொழிலுக்குத் தாளும் தேவை, இளைஞர்களே. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.-ஐ மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை வழங்குகிறது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்து வாங்கலாம். எஸ்.எல்.டி.என். திட்டத்தில் சேர்ந்தால் பெரும்பகுதிப் பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும். பல வருடம் பட்டறையில் உழைத்தும் கையில் தாள் இல்லாதவர்கள், பி.பி.டி. வழியாகத் தங்கள் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டி விண்ணப்பிக்கலாம். மாசாய் அண்ணன் அப்படித்தான் மூன்றாம் நிலை வாங்கினார்; சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "கையில கறுப்பு எண்ணெய் ஒட்டத்தான் செய்யும் அக்கா. சோப்புப் போட்டா போயிடும். அவன் மூளையும் வேலை செய்யுது, பார்த்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த மீட்டர் எவ்வளவுடா வரும்?" என்று கேட்டார்.