"இன்றேல், ஏன்?": நமது எம்.பி.க்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை

வலிகாமம் வடக்கில் காணி விடுவிப்புக் கோரிய கூட்டமொன்றில் செய்தி சேகரிக்கச் சென்றபோது ஒரு முதியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, எங்கட எம்.பி.மார் பாராளுமன்றத்தில கதைச்சவை எண்டு எழுதுறியள். கதைச்சு என்ன வந்தது?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் ஹன்சாட் பதிவுகளை வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு விளங்கியது இதுதான்: உரை வேறு, வினா வேறு.

உரைக்கு எந்த அமைச்சரும் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. முகநூலில் பகிர்ந்ததோடு அது முடிந்துவிடலாம். எழுத்தில் கொடுக்கப்படும் வினா ஒழுங்குப் பத்திரத்தில் ஏறுகிறது. உரிய அமைச்சு பதில் தயாரிக்க வேண்டும். அந்தப் பதில் சபையில் வாசிக்கப்பட்டாலும் சபாபீடத்தில் சமர்ப்பிக்கப்பட்டாலும் ஹன்சாட்டில் பதிவாகிறது. (அ), (ஆ) என்று பிரித்துக் கேட்கும் இந்த வினாக்கள் வழமையாக "இன்றேல், ஏன்?" என்று முடியும். பதில் இல்லையென்றால் காரணத்தையாவது சொல் என்பதே அதன் பொருள்.

ஆனால், "காணிகள் எப்போது விடுவிக்கப்படும்?" என்று கேட்டால் "கட்டம் கட்டமாக" என்றே பதில் வரும். 2013 ஏப்ரலில் வலி. வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு, காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2015 இற்குப் பின்னர் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. ஆகவே கேட்க வேண்டியது இது: அந்த 6,381 ஏக்கரில் இன்றைய திகதியில் படையினர் வசம் இருப்பது எவ்வளவு? கிராம அலுவலர் பிரிவு ரீதியாக எவ்வளவு? அதில் தனியார் உறுதிக் காணி எவ்வளவு? எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள்?

இலக்கத்தில் பதில் வந்தால் அடுத்த ஆண்டும் அதே வினாவைக் கேட்கலாம். இரண்டு பதில்களையும் அருகருகே வைத்தால் எத்தனை ஏக்கர் உண்மையில் மக்களிடம் வந்தது என்பது தெரியும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் இது பொருந்தும். எத்தனை பேரைப் பற்றிய விசாரணை முடிந்தது, எத்தனை குடும்பங்களுக்கு முடிவு எழுத்தில் அறிவிக்கப்பட்டது என்று ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. அமைச்சர்கள் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று அவகாசம் கேட்பார்கள். வினா இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போகும். தேசிய பாதுகாப்பு என்று சொல்லியும் தப்பலாம். 2024 செப்டெம்பர் 24 இல் நடந்ததுபோல பாராளுமன்றம் கலைக்கப்பட்டால், பதில் கிடைக்காத வினாக்களும் அதோடு போய்விடும். ஆனால் அவகாசம் கேட்டதும் ஹன்சாட்டில் இருக்கிறது. ஒரே வினாவுக்கு எத்தனை தடவை தவணை கேட்டார்கள் என்பதை நாம் எண்ணலாம், எழுதலாம்.

இந்தப் பொறுப்பு தமிழ்க் கட்சிகளுக்கு மட்டுமல்ல. 2024 தேர்தலில் யாழ். மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஐ ஆளும் தேசிய மக்கள் சக்தி பெற்றது. வாக்குக் கேட்டு வந்தபோது காணி பற்றிப் பேசியவர்கள் தமது அரசிடமே அந்தக் கணக்கை எழுத்தில் கேட்கட்டும்.

நாமும் மேடைப் பேச்சோடு திருப்திப்படக்கூடாது. உறுதியின் பிரதி, கிராம அலுவலர் பிரிவு, இடம்பெயர்ந்த திகதி ஆகியவற்றோடு எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போங்கள். வினாவை எப்போது கொடுத்தார் என்று கேட்டு, பிரதியை வாங்குங்கள். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியை நீங்களும் அனுப்பலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும், நீடித்தால் மேலும் 21 நாட்கள். இரண்டு வழியிலும் வரும் பதில்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த முதியவரை மீண்டும் கண்டால் இதைத்தான் சொல்வேன்: ஐயா, அவை என்ன கதைச்சவை எண்டு கேளாதேங்கோ. எழுத்தில என்ன கேட்டவை, என்ன பதில் வந்தது எண்டு கேளுங்கோ.